முதுகையும் பார்த்து கவுன் எடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய கல்யாண கவுன் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாமே முன்பக்கம் எடுத்த படங்கள். ஒன்றில்கூட அந்தப் பெண் திரும்பி நிற்கவில்லை, முழங்கால் போடவில்லை, காரிலிருந்து இறங்கவில்லை. அதனால்தான் போனில் இரண்டு வரியில் பதில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னை மாதிரியே ஜனவரியில் மலையில் கல்யாணம் வைத்திருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன். உன் பெயர் எங்கேயும் வராது.

ஆராதனை முடிகிறவரை நீ பீடத்தைப் பார்த்துத்தான் நிற்கப்போகிறாய். வந்திருக்கிற சொந்தபந்தம் எல்லோரும் பார்ப்பது உன் முதுகை. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம் 1830இல் பிரதிஷ்டை ஆனது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரத்தை உத்தரமாக வைத்துக் கட்டியது. வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுகிற அந்த மாதிரிக் கோயிலில், கடைசி பெஞ்சில் இருப்பவர் கண்ணுக்கு நெஞ்சில் கோத்த சின்ன மணி வேலை எதுவும் எட்டாது. தோள் எப்படி உட்கார்ந்திருக்கிறது, இடுப்பிலிருந்து துணி எப்படி இறங்குகிறது, இது இரண்டும்தான் எட்டும். ஆகவே காசை மணியில் போடாதே. வெட்டிலும் தையலிலும் போடு. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை துணி சுற்றிய பட்டன் வரிசையாக வைத்து, அதன் கீழே ஜிப்பை மறைத்துத் தைத்தால் பார்க்க ஒரு நேர்கோடு கிடைக்கும். உன்னை மாதிரி உயரம் கம்மியான பெண்ணுக்கு அந்த நேர்கோடு செய்கிற வேலையை எந்த லேஸும் செய்யாது.

உனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மீன்வால் கவுன் என்று தெரியும். முழங்கால் வரை உடம்பை ஒட்டிப் பிடித்து, அதற்குக் கீழே விரிகிறது. நின்றபடி படம் எடுக்க அழகுதான். ஆனால் ஆசீர்வாதத்துக்கு முழங்கால் போடும்போது துணி தொடையில் இறுகும், எழும்போது மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுக்க வேண்டிவரும். குன்னூரிலிருந்து ஊட்டிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், வளைவு வளைவாகக் காரில் உட்கார்ந்து போக வேண்டும். இறங்கும்போது மடியில் குறுக்கே விழுந்திருக்கிற சுருக்கத்தை யாரும் அங்கே அயர்ன் பண்ணித் தர முடியாது. வளையம் வைத்த பெரிய குடை கவுனும் வேண்டாம். காருக்குள் அடங்காது, நடுப்பாதையில் அப்பா உன் பக்கத்தில் ஒட்டி நடக்கவும் முடியாது.

உனக்கு நான் சொல்வது ஏ-லைன். இடுப்பில் பிடித்து, அங்கிருந்து மெதுவாக விரிந்து தரைக்கு வருவது. அதிலும் இடுப்புக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். ரெடிமேட் கவுனில் பாதி பேருக்கு அது தவறான இடத்தில்தான் விழுகிறது. இன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு காரியம் செய். ஒரு எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வலப்பக்கமும் இடப்பக்கமும் நன்றாகச் சாய்ந்து நிமிர். எலாஸ்டிக் தானாக நகர்ந்து ஒரு இடத்தில் உட்காரும். அதுதான் உன் இடுப்பு. நீ ஜீன்ஸ் போடுகிற இடத்தைவிட நல்ல உயரத்தில் இருக்கும், பார். கவுனின் இடுப்புத் தையல் அங்கேயோ, அரை இஞ்ச் மேலேயோ வந்தால் கால் நீளமாகத் தெரியும். இரண்டு இஞ்ச் கீழே இறங்கினால் ஆளே குட்டையாகிவிடுவாள், எவ்வளவு ஹீல்ஸ் போட்டாலும் சரி. மேல்பகுதிக்கு டார்ட் பிடிப்பதைவிட, அதாவது துணியைக் கூராக மடித்துத் தைப்பதைவிட, தோளிலிருந்து நேராக இறங்கும் நீளத் தையலான பிரின்சஸ் கட் உனக்குப் பொருந்தும். மார்பைத் தாங்கும், குறுக்கே எந்தக் கோடும் விழாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்தன்று உன்னைப் பார்த்து "கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சிட்டா கவுன் எடுப்பா இருக்கும்" என்று சொன்னார்களே, உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம் என்று இருந்தேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைக்க வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறதோ அதற்குத் துணியை வெட்டுவதுதான் எங்கள் தொழில். கை பருமனா, கைவளைவைக் கொஞ்சம் ஆழமாக எடுத்து, கையை மணிக்கட்டு நோக்கி ஒடுக்கித் தைக்கலாம். வயிறு தெரிகிறதா, லைனிங்கைக் கெட்டித் துணியில் போட்டு, மேல்துணியைச் சற்று விட்டுத் தைக்கலாம். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அவசரமாக இளைத்தால் பலருக்கு முகமும் மார்பும்தான் முதலில் வாடும். கடைசி வாரத்தில் கவுன் தோளிலிருந்து நழுவும். எனக்கு நீ இப்போது இருக்கிற மாதிரியே பீடத்தின் முன் நிற்க வேண்டும்.

சரி, கழுத்து. உனக்குத் தோள் அகலம், அதனால் தோளுக்குத் தோள் நேராக ஓடுகிற போட் நெக் வேண்டாம். அளவான வி கழுத்து நல்லது. நம் வீட்டில் மோதிரத்தோடு தாலியும் உண்டு என்பதை மறந்துவிடாதே. வெளிநாட்டுப் படங்களில் வருகிற, தொண்டை வரை லேஸ் மூடிய கழுத்தில் தாலி லேஸுக்கு மேலே கிடந்து புரளும். தலையில் போடுகிற நெட் துணியையும் கொண்டைக்குக் கீழே குத்தாதே. மாப்பிள்ளை பின்கழுத்தில் தாலியின் கொக்கியைத் தேடித் தடுமாறுவதை நிறைய கல்யாணங்களில் பார்த்துவிட்டேன். கொண்டைக்கு மேலே சீப்பு வைத்த நெட், பின்கழுத்து வெறுமையாக, அவ்வளவு போதும்.

ஜனவரியில் ஊட்டி எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கையில்லாத கவுன் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றால் தோளைக் குறுக்கிக்கொள்வாய், அப்புறம் எந்தப் படத்திலும் நிமிர்ந்த தோள் இருக்காது. முழுக்கை வை. தோலின் நிறத்துக்கு ஒத்த மெல்லிய நிட் லைனிங்கின் மேல் லேஸ் வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் கை வெறும் லேஸாகத்தான் தெரியும், உனக்குக் குளிராது. ரீல்ஸில் வருகிற, உடம்போடு வழிகிற சாட்டின் கவுனைக் கேட்டாயே, அது துணியை 45 டிகிரியில் கிராஸாக வெட்டுவது. பாரிஸில் மேடலின் வியோனே என்ற அம்மா 1920களில் அந்த வெட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்தார். கிராஸில் வெட்டிய துணி இழுபட்டு உடம்பின் ஒவ்வொரு வளைவிலும் படியும். உள்ளே தெர்மல் போட்டால் அதன் ஓரம்கூட வெளியே தெரியும். குளிர் காலத்துக்கு அது ஆகாது. கனமான கிரேப் துணியோ, அதிகம் பளபளக்காத கெட்டியான டச்சஸ் சாட்டினோ எடு. இரண்டும் நன்றாக விழும்.

நிறம் பளீர் வெள்ளை வேண்டாம். மூடுபனி வெளிச்சத்தில் அது நீலம் அடிக்கும், நம் மாநிறத்தைச் சாம்பலாகக் காட்டும். ஐவரி நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் ஓடும், உன் முகத்துக்கு அது வெளிச்சம் கொடுக்கும். கடையில் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்.

நம் மலைத் தோடர் பழங்குடியினரின் எம்பிராய்டரியை கவுன் ஓரத்தில் பார்டராக வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. அது கெட்டிப் பருத்தியில் இழை எண்ணி, சிவப்பிலும் கருப்பிலும் போடுகிற வேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பூத்துக்குளி என்கிற, அந்த வேலை போட்ட போர்வை அவர்களுக்கு வெறும் துணி இல்லை, இறந்தவர்களைக்கூட அதில்தான் போர்த்துகிறார்கள். அதை வெட்டி பார்டர் ஆக்குவதில் எனக்கு மனமில்லை. அந்தக் கனம் கிரேப்பையும் கீழே இழுத்துவிடும். தோடப் பெண்களே விற்பனைக்கென்று போடுகிற ஷாலை முழுசாக வாங்கு. வெளியே படம் எடுக்கும்போது ஐவரி கவுன் மேல் அதைப் போர்த்திக்கொள். நம் மலையும் படத்தில் வரும், குளிரும் அடங்கும்.

மாலை வரவேற்புக்கு உன் அம்மா சொல்கிற காஞ்சிபுரம் பட்டையே கட்டு, அதில் தகராறு வேண்டாம். பார்டர் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். பெரிய பார்டர் உன் உயரத்தைப் பாதியில் வெட்டிவிடும்.

ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் உன் உடம்பில் எந்த அளவு பெரிதோ அதற்குப் பொருந்துகிற சைஸில் வாங்கு. பிடித்துச் சின்னதாக்குவது சுலபம். பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்க வேண்டும், பல கவுன்களில் கால் இஞ்ச்கூட இருக்காது. நான் தைப்பதானால் முதலில் காடாத் துணியில் மேல்பகுதியை மட்டும் தைத்து, உள்பக்கம் வெளியே வர உனக்குப் போட்டு, குண்டூசி குத்திப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். பிறகுதான் நல்ல துணியில் கத்திரி வைப்பேன். அதற்கு நவம்பருக்குள் நீ வர வேண்டும்.

வரும்போது கல்யாணத்தன்று போடப்போகிற அதே உள்ளாடையும் அதே செருப்பும் கொண்டு வா. செருப்பு மாறினால் கவுனின் கீழ் மடிப்பு மாறிவிடும். கோயிலுக்கு வெளியே ஈரப் புல் இருக்கும், பென்சில் ஹீல் புதையும், அதனால் அகலக் குதிகால் உள்ளதாக வாங்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. உனக்குப் பின்னால் நின்று முழங்கால் போடச் சொல்லிப் பார்க்க எனக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை
குன்னூர்