பூட்டுக்கு மேல் பூட்டு

தேவிபட்டினம்
ஐப்பசி 18

மாப்ளே,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. தொண்டியில் தவறிப்போன உன் பெரியப்பாவின் வீட்டைப் பூட்டி, உரிமை கொண்டாடுபவர்கள் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. இங்கே வாடை தொடங்கிவிட்டது. ராத்திரி பூரா கடல் இரைச்சல், எனக்கும் தூக்கமில்லை.

இதே கதை எங்கள் தெருவிலும் நடந்தது. பிள்ளைகுட்டி இல்லாத ஒரு பெரியவர் இறந்தார். ஒரு வீடு, இரண்டு வள்ளம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அண்ணன் மகன் ஒரு பூட்டுப் போட்டான். தங்கை மகன் அதற்கு மேல் இன்னொன்று போட்டான். வள்ளங்கள் கரையில் வெயில் குடித்துப் பலகை வெடிக்க ஆரம்பித்தன. யாருக்கு என்று கோர்ட் சொல்வதற்குள் சொத்தே மிஞ்சாது போலிருந்தது.

அப்புறம்தான் தங்கை மகன் ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனான். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. இறந்தவர் சொத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டாலோ, பலவந்தமாகப் பிடிப்பார் என்ற பயம் இருந்தாலோ, வாரிசு மனுப் போடலாம். சொத்துக்கு ஆபத்து என்று நீதிபதிக்குப் பட்டால் 195-ஆம் பிரிவின்படி ஒரு க்யூரேட்டரை நியமிப்பார். தீர்ப்பு வரும்வரை சொத்தைக் காப்பதுதான் அவர் வேலை. ஜாமீன் கொடுக்க வேண்டும், மாதாமாதம் கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டும். அவருக்கு ஊதியம் உண்டு. அதற்கும் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது.

எங்களுக்கு வந்தவர் ஒரு நடுத்தர வயது வக்கீல். இரண்டு பூட்டையும் உடைக்கச் சொல்லி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எழுதினார். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். 'நைலான் வலை மூன்று, ஒன்று கிழிந்தது. பித்தளைத் தூக்குவாளி ஒன்று, மூடி இல்லை' என்று வாசித்தார். மூடி இல்லை என்பதைக்கூட எழுதினார் பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த மனுஷனுக்கு அதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்? பிறகு கோர்ட் அனுமதியோடு வள்ளங்களைப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டார்.

ஆனால் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருத்தியின் புருஷன் போய் மூன்று வருஷமாகிறது. நான் சொன்ன 195-ஆம் பிரிவு பேசுவது இறந்தவர் சொத்தைப் பற்றி. அவர் இன்னும் சட்டத்துக்கு இறந்தவர் இல்லை. ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால்தான் இறந்ததாக அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 111-ஆம் பிரிவு. அதுவரை அவர் பாங்குக் கணக்கில் இருப்பதை அவளால் எடுக்க முடியவில்லை. இடம் அவர் பேரில், விற்கவும் வழியில்லை. இவர்களுக்கும் இடைக்காலத்தில் ஒரு பொறுப்பாளரைக் கோர்ட் எளிதாகக் கொடுக்க வேண்டும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். க்யூரேட்டர் மனுவை இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். பெரியப்பா தவறியது வைகாசி பத்து. இங்கிலீஷ் மாதத்தில் கணக்குப் போட்டுப் பார், கார்த்திகை முதல் வாரத்துக்குள் போட்டாக வேண்டும். இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, உன் அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்று காட்டும் ஏதாவது காகிதம், மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளம்பு. ரயில் ஏறும்போது ஒரு போன் போடு, ராமநாதபுரம் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்