பழைய கணினியில் இயங்காத கிராபிக்ஸ் கார்டும் பெட்டியில் சொல்லப்படாத நிபந்தனையும்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: கிராபிக்ஸ் கார்டின் பொருத்தம் குறித்த முழுமையற்ற தகவல், திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். திரைக்குப் படத்தை அனுப்பும் தங்கள் நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை எனது பழைய மேசைக் கணினிக்காக வாங்கினேன். கார்டைச் செருகுவதற்கான 16 லேன் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் 300 வாட் பவர் சப்ளையும் உள்ள எந்த மேசைக் கணினியிலும் இது இயங்கும் என்று பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளது. இவ்விரண்டும் என் கணினியில் உள்ளன. இருந்தும் கார்டைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் விசிறிகள் சுழல்கின்றன, மதர்போர்டிலிருந்து ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வருகின்றன, மானிட்டரில் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு மட்டுமே நிற்கிறது. அவார்டு பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய வகை மென்பொருள்) கொண்ட என் மதர்போர்டில் அந்த ஒலிவரிசைக்கு டிஸ்பிளே கார்டைத் தொடங்க முடியவில்லை என்று பொருள்.

தங்கள் உதவி மையம் சொன்ன அனைத்தையும் செய்து பார்த்தேன். கார்டைக் கழற்றி, அதன் விளிம்பிலுள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளைத் துடைத்து, ஸ்லாட்டின் பூட்டு விழும்வரை அழுத்திப் பொருத்தினேன். சிஆர்2032 பேட்டரியை எடுத்து பயாஸ் அமைப்புகளை அழித்தேன். மதர்போர்டுக்கென வெளியான கடைசி பயாஸ் பதிப்பையும் ஏற்றினேன். கூடுதல் மின் இணைப்பு ஏதும் கேட்காத கார்டு என்பதால் அதற்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் ஸ்லாட் வழியாகவே செல்கிறது. அந்த ஸ்லாட்டுக்கான உச்ச வரம்பு 75 வாட். அப்படியிருந்தும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று வேறொரு பவர் சப்ளையை மாட்டிச் சோதித்தேன். எதிலும் மாற்றமில்லை. இதற்குப் பிறகும் டிரைவரை முழுவதுமாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுமாறு பதில் வந்தது. டிரைவர் என்பது இயங்குதளம் ஏறிய பிறகு வேலை செய்வது. பயாஸ் திரையே வராத ஒரு கோளாறுக்கு அது எப்படித் தீர்வாகும் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை.

ஆகவே காரணத்தை நானே தேடினேன். மதர்போர்டிலேயே உள்ள டிஸ்பிளேயை முதன்மையாக வைத்து, மானிட்டரையும் அதில் இணைத்துத் தொடங்கியபோது, கணினியில் இணைந்த சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜர் பட்டியலில் தங்கள் கார்டு தெரிந்தது. அதாவது, ஸ்லாட் அதைக் கண்டுகொள்கிறது. பிறகு அதே கார்டை என்னிடமுள்ள புதிய கணினியில் பொருத்தினேன். உடனே படம் வந்தது. அந்தக் கணினியின் அமைப்பில் சிஎஸ்எம் எனப்படும் பழைய பயாஸ் இணக்க முறையை இயக்கி, டிஸ்பிளேயைப் பழைய முறையில் மட்டும் தொடங்கும்படி மாற்றியதும், பழைய கணினியில் கண்ட அதே கறுப்புத் திரை அங்கும் வந்தது. ஸ்லாட், பவர் சப்ளை, கார்டின் வன்பொருள் ஆகியவற்றில் குறையில்லை என்பதற்கும், கோளாறு தொடக்க நிலை ஃபர்ம்வேரில்தான் (கார்டுக்குள்ளேயே பதிந்துள்ள மென்பொருளில்தான்) உள்ளது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இருப்பினும் கார்டின் ஃபர்ம்வேரைக் கோப்பாகச் சேமித்துப் பார்த்தேன். பிசிஐ விதிமுறைப்படி அதிலுள்ள ஒவ்வொரு பகுதியிலும் குறியீட்டு வகை என்றொரு எண் இருக்கும். பழைய பயாஸ் இயக்கும் பகுதிக்கு 0, பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ இயக்கும் பகுதிக்கு 3. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் கார்டுதான் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் முதல் திரையைக் காட்டும். தங்கள் கார்டில் 3 மட்டுமே உள்ளது. எனவே யூஇஎஃப்ஐ இல்லாத எந்த மதர்போர்டிலும், அதன் உரிமையாளர் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும், இந்தக் கார்டால் தொடக்கத் திரையைக் காட்ட முடியாது.

பழைய பயாஸ் ஆதரவைக் கைவிடுவது நிறுவனத்தின் உரிமை. 2020க்குள் அதை நிறுத்தப்போவதாக இன்டெல் 2017லேயே அறிவித்தது. ஆனால் அம்முடிவைப் பெட்டியில் ஒரு வரியாகக்கூட எழுதாமல், எந்த மேசைக் கணினியிலும் இயங்கும் என்று அச்சிட்டதையே நான் குறையாகச் சொல்கிறேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மதர்போர்டுகளில் 2004 முதல் புழக்கத்தில் உள்ளது. யூஇஎஃப்ஐ மேசைக் கணினிகளில் பரவலானதோ 2011, 2012ஐ ஒட்டித்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த மதர்போர்டுகளில் ஸ்லாட் இருக்கும், யூஇஎஃப்ஐ இருக்காது. கூடுதல் மின் இணைப்பு கேட்காத சிறிய கார்டை நாடுவோரில் அத்தகைய கணினியை வைத்திருப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்களில் பலர் தங்கள் மதர்போர்டு பழுதாகிவிட்டது என்று நம்பி, நல்ல கணினியையே ஒதுக்கிவிடக்கூடும். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

கார்டைத் திருப்பி அனுப்பியபோது, தங்கள் சோதனைக் கணினியில் படம் வருவதால் பழுதில்லை என்று கூறி மீண்டும் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். சோதித்த கணினி யூஇஎஃப்ஐ கொண்டதா என்ற கேள்விக்குப் பதில் தரவில்லை. கடைசியாக வந்த கடிதத்தில், பொருத்தமான ஃபர்ம்வேரை இணையத்தில் தேடி ஏற்றிக்கொள்ளலாம் என்று தங்கள் ஊழியர் எழுதியிருக்கிறார். தவறான கோப்பை ஏற்றினால் கார்டு அடியோடு செயலிழக்கும், உத்தரவாதமும் போய்விடும். நிறுவனத்தின் பெயரால் இத்தகைய யோசனை சொல்லப்படக் கூடாது.

எனவே, பழைய பயாஸுக்கான பகுதியும் சேர்ந்த அதிகாரபூர்வ ஃபர்ம்வேர் இக்கார்டுக்கு இருக்குமானால், அதை ஏற்றும் முறையுடனும் உத்தரவாதம் தொடரும் என்ற எழுத்துபூர்வ உறுதியுடனும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். இல்லையெனில் கார்டின் முழு விலையையும், நான் செலுத்திய அஞ்சல் செலவையும் திருப்பித் தர வேண்டும். இத்துடன், யூஇஎஃப்ஐ கட்டாயம் என்ற நிபந்தனையைப் பெட்டியிலும் விற்பனைப் பக்கத்திலும் தெளிவாக அச்சிடவும், திரை வரவில்லை என்று எழுதும் வாடிக்கையாளரிடம் மதர்போர்டின் மாடலையும் பயாஸ் வகையையும் முதலில் கேட்கும்படி உதவி மையத்துக்கு அறிவுறுத்தவும் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய ரசீது, பெட்டியில் உள்ள அறிவிப்பின் படம், இரு கணினிகளிலும் எடுத்த படங்கள், சேமித்த ஃபர்ம்வேர் கோப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்