எஃப்13 அமுக்கினால் சரக்கு இரண்டு தடவை பதிவாகிறது: உடனே சரிசெய்யக் கோரி

அனுப்புநர்:
கணக்கு மற்றும் கணினிப் பொறுப்பாளர்,
கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம், மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
மதுரைக் கிளை.

ஐயா,

வணக்கம். நீங்கள் எழுதிக் கொடுத்த கொள்முதல் புரோகிராமில், எடை பதியும் திரையில் எஃப்13 கீயை அமுக்கினால் வரி துடைபட வேண்டும். துடைபடுவதற்குப் பதில், முந்தைய படகுக்குப் போட்ட எடை இன்னொரு முறை பதிவாகிறது. போனில் சொல்லியாயிற்று, மெயில் போட்டாயிற்று, நேரிலும் வந்தாயிற்று. இனி எழுத்தில்தான்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. 1988இல் வந்த ஐபிஎம்மின் ஏஎஸ்400 கணினி காலத்திலிருந்து ஆர்பிஜி என்ற புரோகிராம் மொழியில்தான் தொழில் செய்கிறோம் என்று கொட்டேஷனில் நீங்களே பெருமையாக எழுதியிருந்தீர்கள். நானும் சென்னையில் சில காலம் ஆர்பிஜி எழுதியவன்தான். ஒப்பந்தப்படி புரோகிராமின் சோர்ஸ் கோடு எங்களிடமும் இருப்பதால் திறந்து பார்த்துவிட்டேன்.

பழைய புரோகிராமில், திரையை வரையறுக்கும் டிடிஎஸ்சில் சிஏ13க்கு (எஃப்13 கீயை அங்கே அப்படித்தான் அறிவிப்பது) 13ஆம் இண்டிகேட்டரை, அதாவது ஆன்-ஆஃப் குறியைக் கட்டி, அது ஆன் ஆகிறதா என்று பார்த்தீர்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. புதுப்பிக்கிறோம் என்று இண்டிகேட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு, திரையின் நிலையைப் புரோகிராமுக்குச் சொல்லும் ஐஎன்எஃப்டிஎஸ் என்ற தகவல் பகுதியில் 369ஆவது இடத்தில் வரும் பைட்டைப் பார்த்து எந்தக் கீ என்று கண்டுபிடிக்கிற மாதிரி மாற்றினீர்கள். நல்ல முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பைட், ஹெக்ஸ் எண்ணில், எஃப்1க்கு 31, எஃப்9க்கு 39, எஃப்10க்கு 3ஏ, எஃப்12க்கு 3சி. எழுதியவர் அதே வரிசையில் எஃப்13க்கு 3டி என்று போட்டுவிட்டார். எஃப்13க்கு வருவது பி1. அங்கிருந்து எஃப்24க்கு பிசி வரை அது தனி வரிசை. ஐபிஎம் கையேட்டில் பட்டியலாகவே இருக்கிறது.

பி1 என்று வருவதை உங்கள் புரோகிராம் எதனோடும் பொருத்த முடியாமல், கடைசியில் இருக்கும் 'மற்றவை எல்லாம்' பகுதிக்குப் போகிறது. அங்கே என்ன எழுதியிருக்கிறீர்கள்? பதிவு செய்! சிஏ என்று அறிவித்த கீ திரையிலிருந்து எதையும் அனுப்பாது, புரோகிராமில் பழைய எடையும் பழைய படகு எண்ணும் அப்படியே நிற்கும். அதுவே இன்னொரு பில்லாகிறது. டிடிஎஸ்சில் சிஏ13 இருப்பதால் டெர்மினலும் அந்தக் கீயைத் தடுக்காது.

இதைச் சொல்லத்தான் உங்கள் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டேன். எடுத்த தம்பி கேட்டது இது: "சார், கீபோர்டுல எஃப்12 வரைக்கும்தான் இருக்கு. எஃப்13 எங்க வாங்குனீங்க?" கேட்டுவிட்டு பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்ததும் காதில் விழுந்தது. ஷிஃப்டோடு எஃப்1 என்று பொறுமையாகச் சொன்னேன். "மீன் கணக்குக்கு எதுக்கு சார் இந்த மெஷின், எக்ஸெல்லே போதுமே" என்றார். ஐயா, உங்கள் திரையின் அடி வரியில் நீங்களே 'எஃப்13=கிளியர்' என்று அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். அதையாவது அவர் பார்த்ததுண்டா? கடைசியில் கீபோர்டை மாற்றச் சொன்னார். மாற்றினோம். புதுக் கீபோர்டிலும் பில் இரண்டாகத்தான் விழுகிறது, கொஞ்சம் சத்தமில்லாமல்.

புரோகிராமை மீன்பிடித் தடைக்காலத்திலேயே புதுப்பித்துக் கொடுங்கள் என்று கெஞ்சியதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஷெட் காலியாகக் கிடக்கும். அப்போதெல்லாம் "ஆள் இல்லை" என்றீர்கள். படகுகள் இறங்கிய வாரத்தில்தான் ஆள் கிடைத்தார்.

மதுரைக்கு வந்த கதை இன்னும் மோசம். திங்கட்கிழமை போன படகுகள் செவ்வாய் காலை கரைக்கு வரும். இறாலும் கணவாயும் நண்டும் வந்து குவிகிற அந்த நேரத்தில் எடைத் தராசை விட்டுவிட்டு, பிரிண்ட் எடுத்த திரைகளோடு பஸ் ஏறினேன். வாசலில் உட்கார வைத்து, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கூப்பிட்டு, "உங்க கம்ப்ளெய்ன்ட் க்ளோஸ் ஆயிடுச்சே, கஸ்டமர் கீபோர்டு பிரச்னை, தீர்ந்ததுன்னு இருக்கு" என்றார்கள். யார் தீர்த்தது? பிரிண்டை வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பரமக்குடி தாண்டும் வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை.

நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை. கம்பெனியே மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. பாம்பன் சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவருக்கு 42.5 கிலோ நண்டு, அடுத்தடுத்த இரண்டு பில், ஒரே ரேட், ஒரே படகு எண். இரண்டுக்கும் பணம் போய்விட்டது. எங்கள் கேஷியர் அவரைக் கூப்பிட்டு, தெரிந்தே வாங்கிக்கொண்டதாகப் பேசிவிட்டார். அந்த மனுஷன் மறுநாளே பணத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் படகுச் சரக்கு எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. இதற்கு எந்த டிக்கெட் போடட்டும்?

தயவுசெய்து இந்த மூன்றையும் செய்யுங்கள். 3டியைப் பி1 ஆக்குங்கள். எண்டரின் பைட்டான எஃப்1 வந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள் (அது எஃப்1 கீ இல்லை, அதற்கு 31, மறுபடி குழப்பிவிட வேண்டாம்). தெரியாத பைட் வந்தால் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். நானே திருத்திக் கம்பைல் செய்துவிடுவேன். ஆனால் நாங்கள் கை வைத்தால் சப்போர்ட் ரத்து என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் எங்களுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் பராமரிப்புத் தொகை நிற்கும், வக்கீல் நோட்டீஸ் வரும், இந்தக் கரையில் உங்கள் புரோகிராம் ஓடும் மற்ற கம்பெனிகளுக்கும் இந்தக் கடிதத்தின் நகல் போகும்.

இப்படிக்கு,
கணக்கு மற்றும் கணினிப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: எஃப்14க்கும் 3இ என்று போட்டிருக்கிறீர்கள். பி2 என்று இருக்க வேண்டும். வருகிறவர் அதையும் மாற்றிவிட்டுப் போகட்டும். அந்த ஹெல்ப்லைன் தம்பியை மட்டும் அனுப்ப வேண்டாம்.