1945-க்குப் பிறகும் காத்திருந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்க்காலப் பெண்களைப் பற்றிய சரித்திர நாவல்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த வகை நாவல் எது கையில் கிடைத்தாலும் விடாமல் படிக்கிறவள் நான். ஐரோப்பாவில் நடக்கும் கதைகளில் கணவன் போர்முனையில் இருப்பான், மனைவி தபால்காரருக்காக வாசலில் நிற்பாள். கடிதம் வரும், இல்லாவிட்டால் தந்தி வரும். அந்தத் தந்தியை அவள் பிரிக்கும் இடத்தில் நானும் அழுதிருக்கிறேன்.

ஆனால் எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கு அந்தத் தந்திகூட வரவில்லையே!

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவார் என்றார்களாம். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. 1945-இல் போரும் முடிந்தது. எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களிடமெல்லாம் பாட்டி போய்க் கேட்டிருக்கிறார். பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், காலராவில் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். எதையும் நம்ப முடியவில்லை. தாலியைக் கழற்றவே இல்லை. தினமும் குளித்துவிட்டு வந்து, சுவரில் மாட்டிய கைக்கண்ணாடி முன் குனிந்து குங்குமம் வைப்பார். அவர் இறந்த அன்று, சுமங்கலியாக அனுப்புவதா வேண்டாமா என்று பெரியவர்கள் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் என் அம்மாதான் போய் நெற்றியில் குங்குமத்தை வைத்தார்.

மலாயாவில் நடக்கும் நாவல்களையும் படிக்கிறேன். பெரும்பாலும் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சிராணிப் படையைத்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். கேப்டன் லட்சுமி, கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி ஆதி நாகப்பன், ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் இவர்களையெல்லாம் நினைத்தால் எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்துகொண்டு மரவள்ளி நட்டு, கோணிச்சாக்கை உடுத்திப் பிள்ளைகளை வளர்த்தவள் இந்தக் கதைகளில் ஒரு பக்கத்தோடு முடிந்துபோகிறாள். சில பெண்கள் கைப்பிள்ளையோடு சயாமுக்கே போனார்கள். அவர்களைப் பற்றி எந்த நாவலிலும் நான் படித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்மையில் படித்த ஒரு நாவலில் கதாநாயகி உச்சிவெயிலில் பால் வெட்டுகிறாள். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தானே விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடினார்கள்! ஒரு பால்வெட்டுக்காரரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். அந்த இடத்திலேயே எனக்குக் கதை விட்டுப்போயிற்று.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்த ரயில் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. இனி எழுதுகிறவர்கள் போர் முடிந்தது என்று அங்கேயே கதையை முடித்துவிடாதீர்கள். என் பாட்டியைப் போன்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான் எல்லாமே.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தைச் சிறுமியாகப் பார்த்த பாட்டி ஒருவர் இன்னும் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவாக இருக்கிறது. காலை வேளையில்தான் நன்றாகப் பேசுவார். உங்கள் எழுத்தாளர்கள் யாராவது வந்தால் நானே கூட்டிப்போகிறேன். சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.