எடை எந்திரம் சொல்லாதது

ஆசிரியருக்கு,

வளரிளம் பருவத்தினரின் உடல் பருமன் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரைதான், ஆனால் உடல் நிறை குறியீட்டெண்ணை மட்டுமே நம்பியிருக்கிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் அந்த எண்ணுக்கு எது தசை, எது கொழுப்பு என்று தெரியாது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் என்ற ஹார்மோனுக்கு உடல் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்புநிலைக்கோ அந்த வேறுபாடுதான் முக்கியம். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசை. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. பூப்புப் பருவத்தில் இந்த எதிர்ப்பு இயல்பாகவே சற்றுக் கூடி, பிறகு தணியும். சரி, வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கொழுப்பு மிகுந்த பிள்ளைகளுக்கு அது தணியாமலே நின்றுவிடக்கூடும்.

என் மகனுக்கு 14 வயதில் எடை அட்டவணைப்படி சரியாகவே இருந்தது. பள்ளிப் பரிசோதனையிலும் 'நார்மல்' என்றே எழுதிக் கொடுத்தார்கள். பின்கழுத்து கருத்துத் தடித்திருந்ததை அழுக்கு என்று நினைத்து, தேய்த்துக் குளிக்கச் சொல்லி மாதக்கணக்கில் அவனைப் படுத்தியது நான்தான். அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம் என்று அப்புறம் ஒரு மருத்துவர் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் உறுதியானது. பள்ளிகளில் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து, அது உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம், கழுத்தையும் கவனிக்கலாம். ஓர் அளவுநாடா போதும். மற்ற பிள்ளைகள் முன்னால் மட்டும் அளக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்