ஆச்சி விழாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மே 26 அன்று, ஆச்சி மனோரமாவின் பிறந்தநாளை ஒட்டிப் புதுக்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய கண்காட்சியும் கூட்டமும் நல்லபடியாக முடிந்தன. மேடையிலேயே எல்லோருக்கும் முறையாக நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் பந்தி பார்த்துக்கொண்ட அண்ணன் கேசரி ஆறுகிறது என்று வாசலில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்ததால் நன்றியுரை ரெண்டு வரியில் முடிந்துபோனது. விட்டதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

உள்ளே நுழைந்ததுமே பலர் கேட்டது, "சின்னக் கவுண்டர் படம் ஒண்ணுகூட மாட்டலையா?" என்றுதான். வேண்டுமென்றேதான் மாட்டவில்லை. அவர் பிறந்த 1937-இல் தொடங்கி, கதாநாயகியான 1963-இல் நிறுத்திவிட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். ஆயிரம் படம் தாண்டியவர், அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்தவர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். ஆகியோரோடு திரையில் நடித்தவர் என்ற செய்தியெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். 2002-இல் பத்மஸ்ரீ வாங்கியதும் அப்படித்தான். அந்த எண்ணிக்கைகளைத் தட்டியில் எழுதி வைத்தால் ஆஹா என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். கேமரா முன்னால் வந்து நின்றபோதே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் கைவசம் இருந்தது. அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உங்களில் பலரும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எனக்கு உதவினீர்கள்.

முதல் நன்றி பள்ளத்தூர் அப்பத்தாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. ஆச்சி பிறந்தது மன்னார்குடியில். வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள, தாயார் ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்துதான் பிழைப்பு. தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் பிள்ளையின் படிப்பும் நின்றது, பிள்ளையும் வேலைக்குப் போனது. இதை ஆச்சியே பல பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். படிக்கிற நமக்கு இது நாலு வரி. அப்பத்தாதான் எங்களைத் தெருத் தெருவாகக் கூட்டிப்போய் அந்த நாலு வரியைக் கண்ணால் பார்க்க வைத்தார். ஒரு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தி, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசையாகக் காட்டிவிட்டு, வேலைக்கு வருகிறவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், விசேஷ வீட்டில் ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள் என்றெல்லாம் சொன்னார். ஒரு பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்ந்தால் யார் எப்படிப் பேசுவார்கள், எப்படி நடப்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று தன்னால் படிந்துவிடும் என்றும் சொன்னார். பிற்பாடு வானொலி நாடகத்தில் செட்டிநாட்டுப் பேச்சை ஆச்சி பேசிய விதத்தில்தான் 'ஆச்சி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது என்பார்கள். அந்தத் தெருவில் நின்று கேட்டபோது எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. அப்பத்தா, நீங்கள் கட்டிக்கொடுத்த சீப்புச் சீடை பஸ் திருமயம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

ஆர்மோனிய ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பல காலம் பெட்டி வாசித்தவர் அவர். கோபிசாந்தாவுக்கு மனோரமா என்று பெயர் வைத்தவர்கள் நாடக ஆசிரியர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த தட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "பேரு வச்சதுல ஒரு பெட்டிக்காரரும் இருந்தாரு பாத்தியா தம்பி" என்று என் தோளில் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கூட்டத்தில் அவர் பேச வேண்டும் என்றுதான் கேட்டிருந்தோம். பேச்செல்லாம் வராது, வாசிச்சுக் காட்டுறேன் என்றார். மைக்கை அணைக்கச் சொன்னார். மைக்செட் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாக்ஸ் புதுசுண்ணே" என்று என் காதில் முறையிட்டான். ஆனாலும் அணைத்தான். அவனுக்கும் ஒரு நன்றி. ஐயா ஒரு கட்டைச் சுருதி (கட்டை ஏற ஏறக் குரலும் ஏற வேண்டும்) பிடித்துக் காட்டி, இது உட்கார்ந்து பாடுகிற ஆம்பளைக்கு என்றார். பிறகு கை வலப்பக்கம் ஏறி ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குப் போனது. மைக் சரியில்லாத மேடையில் கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறவனை எழுப்புகிற சுருதி இதுதான் என்றார். அந்தச் சுருதியில் பாடிக்கொண்டே நடிக்க வேண்டும், நடந்துகொண்டே பாட வேண்டும், மூச்சு வாங்குவது வெளியே தெரியக் கூடாது. பக்கத்து வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணை எழுப்பி, ஒரே ஒரு வரியை அந்த உயரத்தில் பாடச் சொன்னார். அவள் பாதியில் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வயதில் மேடை ஏறிய ஒரு பெண் தினமும் இதைச் செய்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். நான் தயாரித்து வைத்திருந்த உரையை அதற்குப் பிறகு படிக்க மனம் வரவில்லை. பாதியை விட்டுவிட்டேன்.

பள்ளத்தூருக்கு வந்த ஒரு நாடகக் குழுவில் பாட வேண்டிய பெண்ணுக்குச் சரியாகப் பாட வரவில்லை, அந்த இடத்தில் கோபிசாந்தாவை நிறுத்தினார்கள் என்பது ஆச்சியின் மேடைப் பிரவேசக் கதை. ஆக, வாசலைத் திறந்துவிட்டது குரல்தான், நடிப்பு இல்லை. ஐயா வாசித்துக் காட்டிய பிறகு அந்தக் கதைக்கு எனக்கு வேறு எடை வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வைரம் நாடக சபாவில் சின்னச் சின்ன வேடங்கள் செய்துகொண்டிருந்த மனோரமா, எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகம் பார்க்க வந்த இடம் புதுக்கோட்டை. இங்கேதான் அவரை எஸ்.எஸ்.ஆரிடம் அறிமுகம் செய்துவைத்தார்கள். வசனம் பேசிக் காட்டினார், எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில் இடம் கிடைத்தது. கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' உள்பட நூற்றுக்கணக்கான மேடைகள். திராவிட இயக்க நாடகங்களின் அடுக்குமொழி வசனத்தில் ஒரு சொல் தடுக்கினால் கைதட்டலே போய்விடும். ஆர்மோனியத்திடம் பாட்டையும் எஸ்.எஸ்.ஆரிடம் வசனத்தையும் கற்றுக்கொண்ட ஒருவர் சினிமாவுக்கு வந்தபோது டைரக்டர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க என்ன மிச்சம் இருந்திருக்கும்? இது என் கட்சி. மறுத்துப் பேசிய தமிழாசிரியருக்கும் நன்றி. அவர் மறுத்ததால்தான் கூட்டம் சூடுபிடித்தது.

அந்த நாடகம் எந்தக் கொட்டகையில் நடந்திருக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் ஆளாளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. அதனால் தட்டியில் 'புதுக்கோட்டை' என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

காரைக்குடியில் பழைய பாட்டுப் புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? 1958-இல் வந்த 'மாலையிட்ட மங்கை'யின் பாட்டுப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதை ஒரு டைரிக்குள் வைத்து, டைரியை ஒரு துணிப்பையில் சுற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கூட்டம் முடிகிற வரைக்கும் மேசையை விட்டு நகரவில்லை, சாப்பாட்டைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டார். தாள் பழுப்பேறி, பின் துருப்பிடித்து, ஓரம் தொட்டால் உதிர்கிறது. கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்று, வழக்கம்போல மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்கிறது. இளைஞர்கள் அந்த வரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கண்ணதாசன் தயாரித்த படம் அது. டி.ஆர்.மகாலிங்கம் கதாநாயகன். 'செந்தமிழ்த் தேன்மொழியாள்' அதில்தான் வருகிறது. மனோரமாவுக்கு இதற்கு முன்னால் கிடைத்த வாய்ப்புகள் படம் முடியாமலே நின்றுபோயிருந்தன. இதிலும் கிடைத்தது கதாநாயகி வேடம் இல்லை, நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நடித்த பெண்ணுக்குத் தயக்கம் இருக்காதா? இருந்தது. கதாநாயகி என்றால் சில வருஷத்தோடு சரி, இந்தப் பாதையில் போனால் நெடுங்காலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் சொல்லித் தேற்றியதை ஆச்சி பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். கவிஞர் வாக்கு பலித்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். யோசனை கவிஞருடையது, உழைப்பு யாருடையது? ஐந்தரைக் கட்டையில் மூச்சு தெரியாமல் பாடிப் பழகிய உடம்புதான் ஐம்பது வருஷத்துக்கும் மேல் தாங்கியது.

சேலத்திலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் போட்டோ எடுத்து அனுப்பிய நண்பருக்கு நன்றி. ஸ்டுடியோ போய்விட்டது, ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும் நிற்கிறது. 1963-இல் அங்கே எடுத்த 'கொஞ்சும் குமரி'யில்தான் ஆச்சி கதாநாயகி ஆனார். ஜோடி ஆர்.எஸ்.மனோகர். அந்தப் படத்தோடு கண்காட்சியை முடித்ததற்குக் காரணம், ஆசைப்பட்ட இடத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் தன் பாதைக்குத் திரும்பினார் என்று காட்டத்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் 1963-ஐத் தாண்டிப் போக அடம்பிடித்தார்கள். மேடையில் மட்டும் அனுமதி கொடுத்தோம். ஒருத்தி சென்னைத் தமிழில் 'வா வாத்தியாரே' என்று 'பொம்மலாட்டம்' பாட்டை எடுத்தாள், இன்னொருத்தி கொங்குத் தமிழில் சின்னக் கவுண்டரின் அம்மாவானாள், மூன்றாமவள் ஜில் ஜில் ரமாமணியாக வந்து நாயனத்தைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அரங்கம் அதிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 'தில்லானா மோகனாம்பாள்' எடுத்த 1968-இல் அந்த வேடத்துக்கு வேறு யாரைத் தேடியிருக்க முடியும்? ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஆடுகிற பெண்ணின் ஜம்பத்தையும் அதற்கு அடியில் கிடக்கிற ஏக்கத்தையும் ஆச்சி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் சட்டத்தை மீறியதற்கும் நன்றி.

தட்டிகளை இலவசமாக எழுதிக்கொடுத்த போர்டு ஆர்ட்டிஸ்ட் அண்ணன், பழைய இதழ்க் கட்டுகளைத் தூசு தட்டி எடுத்துத் தந்த நூலக அக்கா, எங்களுக்கு முதலில் ஒத்துக்கொண்ட மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது தன் டுடோரியல் மாடியைச் சாவியோடு தூக்கிக்கொடுத்த மாமா, நாற்காலிக்குக் காசு வாங்க மாட்டேன் என்ற பந்தல்காரர், கேசரி அண்ணன், எல்லோருக்கும் கும்பிடு.

வரவு செலவுக் கணக்கை டுடோரியல் மாடிப்படிக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இரவல் தந்த படங்களும் இதழ்களும் பெயர் எழுதிய உறையில் தயாராக இருக்கின்றன, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். பாட்டுப் புத்தகம் அன்றைக்கே அண்ணாச்சியோடு போய்விட்டது, அதைக் கேட்டு யாரும் வர வேண்டாம். எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தின் பழைய நோட்டீஸ் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். கொட்டகைச் சண்டையைத் தீர்த்துவைத்த புண்ணியமாவது கிடைக்கும்.

நன்றியுடன்,
வாசகர் வட்டத்தின் சார்பில் உங்களில் ஒருவன்