ஆண்டறிக்கை: கோலாரைப் படித்த வருடம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். ஹட்டனில் இயங்கும் நமது வரலாற்று வாசிப்புச் சங்கத்தின் கடந்த வருட வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன்.

வழக்கமான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மண்சரிவு எச்சரிக்கை இருந்த மாதத்தில் மட்டும் ஒத்திவைத்தோம். புத்தக அலுமாரிக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருடத்தின் பெரிய வேலை கோலார் தங்கவயல். கர்நாடகாவில் உள்ள சுரங்கத்தை மலையகத்தில் உட்கார்ந்து ஏன் படிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1880களில் இங்கே கோப்பி நோய் விழுந்து அழிய, தேயிலை பரவிக்கொண்டிருந்தது. அதே வருடங்களில்தான் ஜோன் டெய்லர் அன்ட் சன்ஸ் கம்பனி கோலாரில் ஆழமாகத் தோண்ட இறங்கியது. சேலம், வட ஆற்காடு பக்கத்து ஊர்களில் பிழைப்பற்றுப் புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் ஆள்சேர்க்கும் கங்காணி பின்னால் கடல் தாண்டி இங்கே மலையேறினார்கள். இன்னொரு பகுதியினர் பூமிக்குள் இறங்கினார்கள். நம் கதையின் மறுபாதி அங்கே கிடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் கல்லைப் பார்த்தோம். தங்கவயலைச் சேர்ந்த மாரிகுப்பத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன அங்கத்தவர் ஒருவர் கைக்கடக்கமான ஒரு துண்டைக் கொண்டுவந்திருந்தார். பச்சை கலந்த கறுப்பு. வெளிச்சத்தில் திருப்பினால் ஊசி ஊசியாக மினுங்கும். குறுக்கே விரல் தடிப்பில் வெள்ளைப் படிகக்கல் ஓடியிருந்தது. பிள்ளைகள் அதில் தங்கம் தேடினார்கள். கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தங்கம் இருந்தது இந்த மாதிரி வெள்ளைக் கோட்டில்தான். அந்தக் கறுப்புக் கல் சுமார் 270 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் பொங்கிய எரிமலைக் குழம்பு. பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அது பிளந்த இடங்களில் ஆழத்திலிருந்து சுடுநீர்க் கரைசல் ஏறி, படிகக்கல்லையும் தங்கத்தையும் சேர்த்தே படியவிட்டது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளும் இந்தக் கறுப்புப் பட்டையின் அகலம் சில கிலோமீட்டர்தான். இருபுறமும் கருங்கல் வகைப் பாறை.

சாம்பியன் ரீஃப் எனப்படும் பெரிய படிவு கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே போகிறது. தங்கத்தைத் துரத்திக்கொண்டு மனிதனும் போனான், 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக. நம் பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீட்டர். அதைத் தலைகீழாக இறக்கினாலும் அந்தச் சுரங்கத்தின் அடியைத் தொடாது. அங்கே பாறையின் சூடே 60 பாகைக்கு மேல்; குளிரூட்டிய காற்றை அனுப்பித்தான் வேலை வாங்கினார்கள். படிகக்கல்லை வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலுள்ள பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். கருங்கல்லால் தாங்கு சுவர் கட்டியும் அந்த வெடிப்புகளில் பலர் மாண்டார்கள். தப்பியவர்களிலும் எத்தனையோ பேரின் நுரையீரலைக் கல்தூசி தின்றது.

இந்த இடத்தில் கூட்டம் வெகுநேரம் பேசியது. 1902இலேயே காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் கிடைத்தது. தொழிலாளியோ வெகுகாலம் தட்டி வீட்டில்தான் இருந்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1930இல் கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதைக் கேட்டதும் மூத்த அங்கத்தவர்கள் சிலர் கைதட்டினார்கள்.

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பில்தான் பௌத்த தீட்சை பெற்றார். அவருடைய சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்துத் தொழிலாளர் நடுவே ஆழமாக வேரூன்றியது. இலங்கைக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் நடுவே இப்படியொரு பாதை இருந்ததை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். தனிக் கூட்டம் ஒன்று வைக்கலாம்.

அப்புறம், 1965இல் அதே சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உண்டாகி, பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளைப் பதிவுசெய்தார்கள். உலகத்தின் முதல் பதிவுகளில் ஒன்று. உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்காக இதை ஆசிரியர் ஒருவர் அருமையாக விளக்கினார்.

மொத்தம் சுமார் 800 தொன் தங்கம் எடுத்தபின், 2001 பெப்ரவரி 28ஆம் திகதி சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, சயனைட் கலந்த கழிவு மண் மலைமலையாக அங்கேயே நிற்கிறது. எடுத்தவர்கள் அதையும் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும்.

வரும் வருடம் நம் பக்கத்துப் பாறைகளுக்குத் திரும்புவோம். கேகாலை மாவட்டத்துப் போகல காரீய (பென்சில் கரி) சுரங்கத்தைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுத இந்தக் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். வீதி வெட்டிய இடங்களில் சிவப்பு மணி மணியாகக் கார்னட் தெரியும் கல்லைக் கண்டால் ஒரு துண்டு கொண்டுவாருங்கள். எடுத்த தோட்டம், டிவிஷன் பெயரைத் தாளில் எழுதிச் சுற்றிக் கொடுத்தால் போதும்; அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறோம். சந்தா பாக்கி உள்ளவர்கள் மாத முடிவுக்குள் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.

செயலாளர்